ஆயிடும் மாமா

இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதரை நம்பாதே என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொய் சொல்பவனிடம் ஜாக்கிரதை, முன்கோபியிடம் ஒதுங்கி இரு, குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்றெல்லாம் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்கிற ஒருவரைப் பற்றி எச்சரிக்க யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அப்படிப்பட்டவரை ஊருக்கே பிடிக்குமே.

திண்டிவனத்தில் எங்கள் தெரு முனையில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. குள்ளமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சிலும் ஒரு சீப்பும் இருக்கும். பென்சில் நெகட்டிவில் முகப்பருவையும் தழும்பையும் அழிப்பதற்கு. சீப்பு வருகிறவர்களுக்கு. தலை கலைந்திருக்கிறது, வாரிக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டார். பேசிக்கொண்டே தானே வாரிவிட்டுவிடுவார். லாரி ஓட்டுகிற ஆள்கூட அவர் கையில் குழந்தை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் சிநேகிதர் என்பதால் எனக்கு அவர் மாமா. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போய் உட்காருவேன். ஆயிடும் மாமா என்று பேர் வைத்தது நான்தான். அதைக் கேட்டால் அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போடப் படம் எடுத்துக்கொண்டானாம். கழுவிப் பார்த்தால் கண் மூடியிருக்கிறது. கண் மூடிவிட்டது தம்பி, இன்னொரு தரம் உட்காரு என்று சொன்னால் முடிந்தது. மாமாவுக்கு அது வாயில் வராது. பிரிண்ட் போட்டு, பிரஷ்ஷை எடுத்து, மூடிய இமையின் மேல் இரண்டு கண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். பேயைப் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பையன் தயங்கியபோது, போலீஸ் என்றால் அப்படித்தான் முழிக்க வேண்டும் என்றாராம். இதை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கல்யாணக் கதை இன்னும் பெரியது. எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம். அவர்தான் படம். பாதிரியார் வந்தது முதல் தாலி கட்டியது வரைக்கும் ஃபிளாஷ் பளிச் பளிச்சென்று அடித்துத் தள்ளியிருக்கிறார். ஆனால் ஃபிலிமின் நுனி கேமராவுக்குள் சுருளில் மாட்டவேயில்லை. ஃபிலிம் ஓடவில்லை, ஒரு படம்கூட விழவில்லை. அந்தக் காலத்துப் படக்காரர்கள் கனவில் கண்டு அலறுகிற தப்பு அது. வேறு ஒருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார், அல்லது ஊரை விட்டு ஓடியிருப்பார். மாமா நாலு நாள் கழித்துப் பெண் வீட்டுக்குப் போய், ஆல்பம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, அதற்கு அட்டைப்படமாக இன்னும் நாலைந்து படம் எடுத்தால் ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கும் என்று சொல்லிக் கோயிலுக்கே அழைத்து வந்துவிட்டார். கட்டிய தாலியைக் கழற்ற விடமாட்டேன் என்று பெண்ணின் அம்மா நின்றுகொண்டாள். நியாயம்தானே. கழற்ற வேண்டாம் என்று மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் வெறும் கையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவதுபோல் குனிந்து நிற்க, முன்னாலிருந்து எடுத்தார். இன்றைக்கும் அந்த வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாது.

அதற்கும் சிரித்தேன். ஏமாந்தவர் அடுத்த வீட்டுக்காரராக இருக்கும்வரை எல்லாமே சிரிப்புதான்.

இனி என் வீட்டுக் கதை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, 1993-இல், மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். அவள் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். அப்பா கிறிஸ்தவர், லாரி டிரைவர். அம்மா வீட்டைவிட்டு வந்த அன்றே அவளுடைய ஆட்கள் தலைமுழுகிவிட்டார்கள். சாவுக்கும் வரவில்லை. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஆகவே அவளுக்கென்று படம் எதுவும் கிடையாது. என் ஞானஸ்நானத்தன்று மாமா எடுத்த குடும்பப் படம் ஒன்றுதான். அதிலிருந்து அம்மாவை மட்டும் தனியாகப் பிரித்து, பெரிதாக்கி, கன்னத்துக்கு ரோஜா நிறமும் சேலைக்குப் பச்சையும் பூசி, முப்பதாம் நாள் பூசைக்கு மாமா ஒரு படம் கொடுத்தார். இருபது வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில், இருதயநாதர் படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா அம்மாவைப் பற்றிப் பேசமாட்டார். என்னை வளர்த்த அத்தையும் பேசமாட்டாள். பேசியவர் மாமா ஒருவர்தான். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். என் மூக்கு அம்மா மாதிரியா என்றால், "அப்டியே உங்கம்மா மூக்குதாம்மா" என்பார். உன் அம்மா சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும், படத்துக்கு உட்காரச் சொன்னால் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொள்வாள், குரல் உன் குரல் மாதிரியே கீச்சென்று இருக்கும் என்பார். கண்ணாடி முன் நின்று கன்னத்தை உறிஞ்சிக் குழி விழுகிறதா என்று நான் பார்த்த பொழுதுகளுக்குக் கணக்கில்லை. பத்தாவதில் தோற்றபோதும், அப்பா இறந்தபோதும், ஒருத்தன் வேறு பெண் பார்த்துக்கொண்டு போனபோதும், நான் போய் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் ரோட்டில் நான் ஒரு கடை போட்டேன். ஜெராக்ஸ், லாமினேஷன், கல்யாணப் பத்திரிகை. அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு ஆல்பங்கள் பூசணம் பிடித்து, படத்தோடு படம் ஒட்டிக்கொண்டு கிழிந்துகொண்டிருந்தன. நெகட்டிவ் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றித் தரமுடியுமா என்று அடிக்கடி யாராவது வந்து கேட்டார்கள். ஸ்கேனர் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். யாரைக் கேட்பது? மாமாவைத்தான். விடிகாலை பஸ் பிடித்துச் சென்னைக்கு அவரே கூட வந்தார்.

கடைக்காரர் மூன்றைக் காட்டினார். ஒன்று கைக்கு அடக்கமான பெட்டி. நெகட்டிவை உள்ளே தள்ளினால் நொடியில் படம் பிடித்துக்கொள்ளும், ஆனால் நிறமெல்லாம் வெளுத்துப்போகும். இரண்டாவது தட்டையானது, மூடியிலேயே விளக்கு வைத்தது. கல்யாண கேமராவின் சின்ன ஃபிலிம், ஸ்டுடியோக்களில் முன்பு ஓடிய உள்ளங்கை அகல ஃபிலிம் இரண்டையும் அதில் வைக்கலாம். மெதுவாக வேலை செய்யும். மூன்றாவது செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. சின்ன ஃபிலிம் மட்டும்தான் போகும், ஆனால் தலைமயிரை எண்ணலாம் போலத் துல்லியம். தூசிக் கீறலையும் தானே துடைத்துவிடும்.

எனக்கு இரண்டாவது பிடித்திருந்தது. கடைக்காரரும் ஊர்ப்புறக் கடைக்கு அதுதான் சரி என்றார். அப்போதுதான் என் ஆயுளில் முதல் தடவையாக மாமா ஒன்றை மறுத்துப் பார்த்தேன்.

"அது வாணாம்மா. கண்ணாடி மேல ஃபிலிம் பட்டா வளையம் வளையமா விழும். பெரிய ஃபிலிம் இப்ப யாரு வச்சிக்கினு இருக்காங்க? எங்கிட்ட இருந்ததே மழைல நனைஞ்சி கூழாப் பூட்ச்சி. இத்த எடு, சொல்றேன்."

வளையம் விழும் என்பது உண்மைதான், பிறகு நானே பார்த்தேன். மனிதர் உண்மையையும் வைத்திருப்பார், இடம் பார்த்துச் செலவழிப்பார். எனக்காக ஒருவர் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மூன்றாவதை வாங்கினேன்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. மாமா ஸ்டுடியோவைச் சுருக்கிக்கொண்டுவிட்டார். தன்னிடமிருந்த சின்ன ஃபிலிம் நெகட்டிவ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாரம் ஒருநாள் விழுப்புரம் வருவார். கட்டுக்கட்டாக அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் யாராவது வந்தால் அவர்கள் கதையைச் சொல்வார். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவோம். அப்பா போன பிறகு எனக்கு இருந்த அப்பா அவர்தான். இதை இப்போது எழுதவே கசக்கிறது.

பனமலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இறந்துபோன மகனின் நெகட்டிவ், பழைய பெரிய அளவு. என் மெஷினில் போகாது என்றேன். அவர் அதை மறுபடி காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்ட விதம் எனக்குத் தாங்கவில்லை. விலாசத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் ஒருவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு அவருடைய பழைய தட்டை ஸ்கேனரை வாங்கி வந்தேன். பெரியவருக்கு முடித்துக் கொடுத்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. மறைத்ததெல்லாம் இல்லை, அவர் அந்த வாரம் கண்புரை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார்.

அவர் படுத்திருந்த நேரத்தில் அவர் மனைவி ஸ்டுடியோ பரணைச் சுத்தம் செய்திருக்கிறார். பிஸ்கட் டப்பாக்கள் நிறைய. கரையான் வருவதற்குள் நீயே வைத்துக்கொள் என்று தெரிந்தவர் வண்டியில் என் கடைக்கு அனுப்பிவிட்டார். திறந்தால் எல்லாம் பெரிய ஃபிலிம். ஒரு துளி ஈரம் பட்டதில்லை. அப்போதுகூட, பாவம், மாமா மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு உறையின் மேல் பென்சிலால் அப்பா பேர் எழுதியிருந்தது. ஒரே நீளத் துண்டில் மூன்று படம். வைத்து மூடினேன். விளக்கு மெல்ல நகர்ந்தது. திரையில் அம்மா வந்தாள். சுவரில் இருக்கிற அதே முகம், அதே பார்வை. வண்ணம் பூசாத அம்மாவை முதல்முதலாகப் பார்க்கிறேன். கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு எங்கம்மா, எங்கம்மா என்று காட்டினேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோது நெற்றியில் பென்சில் கிறுக்கல் தெரிந்தது. மூக்கின் மேலும். எதையோ அழித்திருக்கிறார். எதை என்று பக்கத்துப் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிரிண்ட் என்றால் ஒருவர்தான் இருப்பார். நெகட்டிவ் அப்படியில்லை, அதில் பக்கத்தில் இருப்பவர்களும் இருப்பார்கள். அடுத்த கட்டத்தில் அதே பெண், அதே சேலை, நெற்றி நிறையக் குங்குமம், மூக்கில் பெரிய மூக்குத்தி. பக்கத்தில் மீசைக்காரர் ஒருவர். முன்னால் மொட்டையடித்த இரண்டு பிள்ளைகள். மூன்றாவது கட்டத்தில் அவர்கள் நாலு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கன்னத்தில், இடது பக்கம், குழி விழுந்திருந்தது.

அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போனேன். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடித்துக் கொண்டுவந்த பிரிண்டை மடியில் வைத்தேன். யார் மாமா இது என்றேன். வெளிச்சம் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் நகரவில்லை. பிரிண்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தெரியாதும்மா. திருவக்கரைக் கோயிலுக்குப் போய்ட்டு வர்ற வழில எடுத்துக்கினாங்க. வந்து வாங்கவேயில்ல."

"எங்கம்மா எங்க?"

"அதுவும் அந்த டப்பாலதான் கீது. படம் எடுக்கசொல்லோ நீ அழுத. உங்கம்மா உன் பக்கம் திரும்பிட்டாங்க. மூஞ்சி அசைஞ்சி பூட்ச்சி. பொண்டாட்டிய மண்ணுல வச்சிட்டு வந்து நிக்கிறவங்கிட்ட, இருக்கற ஒரே படத்துலயும் மூஞ்சி இல்லப்பான்னு எப்டிம்மா சொல்றது?"

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பார்த்த உடனே தெரிந்துகொண்டாராம். "இருக்கட்டும், கொழந்தைக்கு ஒரு மூஞ்சி வேணுமில்ல" என்று சொல்லி, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அதற்குமேல் கேட்காமல் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்தியது. ஞானஸ்நானம் நான் கைக்குழந்தையாக இருந்தபோது. அம்மா செத்தது எனக்கு மூன்று வயதில். நடுவில் யாருமே அந்தப் படத்தைக் கேட்கவில்லையா?

கேட்டிருக்கிறார்கள். அப்பா லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். அம்மாவே இரண்டு தடவை வந்து வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மாமா சொன்ன பதில் எனக்குத் தெரியும், அவர் சொல்ல வேண்டியதில்லை.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இதுவரை வேறு எவர் மேலும் வந்ததில்லை. வேறு முகத்தைக் கொடுத்தது, கன்னக்குழி கதை சொன்னது, ஸ்கேனர் கடையில் என் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தது, எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. படம் அசைந்துவிட்டதம்மா, உள்ளே வந்து உட்கார் என்று அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தால்? உயிரோடு, முழு முகத்தோடு, வாசலில் வந்து நின்றாளே. கேமரா உள்ளே இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்.

நான் சொன்னேன்: "நீங்க நல்லவர்னு ஊரே சொல்லுது மாமா. உங்க நல்ல பேருக்கு எங்கம்மா மூஞ்சிய எடுத்துக்கினீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். ஆபரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று அவர் மனைவி ஓடிவந்தார். நான் இறங்கி நடந்துவிட்டேன். பிறகு அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் இறந்தபோதும் போகவில்லை. நல்ல மனுஷன் சாவுக்குக்கூட வராத கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து அத்தையைக் கேட்டேன். அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "உங்கம்மா கருப்பு. கண்ணு பெருசு. பல்லு ஒண்ணு தெத்து. இத்த சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா? அந்தப் படத்தயே பாத்துக்கினு வளந்தவ." பிறகு உரித்த கடலையை முறத்தில் புடைக்கத் தொடங்கிவிட்டாள். ஆக வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் நாடகம் நடத்தியிருக்கிறார்கள்.

ஞானஸ்நான நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்தேன். அப்பா துல்லியமாக இருக்கிறார். அத்தை துல்லியமாக இருக்கிறாள். என் அழுத வாய்கூடத் தெரிகிறது. என்னைத் தாங்கியிருக்கும் அம்மாவின் கையில் நரம்பு தெரிகிறது, வளையல் தெரிகிறது. அதற்கு மேலே ஈரத்துணியால் துடைத்த பலகைபோல் ஒரு வெளிறிய கலங்கல். எனக்குத் தெரிந்த மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். தெரியாததைக் கற்றுக்கொண்டும் பார்த்தேன். பெரிய கண்ணும் இல்லை, தெத்துப்பல்லும் இல்லை. என் பக்கம் திரும்பினாள் என்பது மட்டும் தெரிகிறது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் கலங்கல் படத்தைத்தான் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தியும் பூவும் அழுகையும். நானும் கொளுத்தினேன். அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. யார் வீட்டு அம்மாவையோ பார்ப்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் சுவரில் அவள் இருந்தாள். இன்று எந்த ஊரில், எந்தப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாளோ தெரியாத அந்தத் திருவக்கரைக்காரி. பெற்றவளுக்கு வராத அழுகை, அவளைப் பார்த்ததும் எனக்கு வந்துவிட்டது.